திரி: ஃப்ரேமில் இருப்பதற்கெல்லாம் அர்த்தம் உண்டா?

வெட்டுமேசை:
கொஞ்ச நாளா பட விமர்சனம் எதை எடுத்தாலும் இதே கதைதான். நீல வெளிச்சம்னா சோகம், கம்பி நிழல் விழுந்தா சிறை, கண்ணாடியில முகம் தெரிஞ்சா பிளவுபட்ட மனசு. நான் எடிட்டிங் பண்றவன். ஒரு குறும்படத்துல நாயகி அழும்போது பின்னால சிவப்புத் திரைச்சீலை தொங்கும். சுவர்ல ஈரக்கறை. மறைக்கக் கையில கிடைச்சது அந்தத் துணி, அவ்வளவுதான். திரையிடல் முடிஞ்சதும் மூணு பேர் வந்து, "அவ அடக்கி வச்ச கோபம்தானே அந்தச் சிவப்பு?"ன்னு கேட்டாங்க. அர்த்தம் ஷாட்டுக்குள்ள இல்லைங்க, ஷாட்டும் ஷாட்டும் ஒட்டுற இடத்துல பிறக்குது. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு சோதனையில காட்டிட்டார். அதே முகம்தான். அடுத்த ஷாட்ல சூப் கிண்ணம் வந்தா அந்த முகத்துல பசி தெரியுது, சவப்பெட்டி வந்தா துக்கம்.

ஆழ்கவனம்:
நிறத்துக்கு அகராதி போடுவதை நானும் ஏற்கவில்லை. அதற்காக ஃப்ரேமை ஊமையாக்கிவிடாதீர்கள். ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தில் சிறுவனை வீட்டைவிட்டு வெளியூருக்கு அனுப்ப முடிவாகும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அவன் பனியில் விளையாடுகிறான். கேமரா ஜன்னல் வழியாகப் பின்வாங்கி வீட்டுக்குள் வந்து மேசையருகே நிற்கிறது. முன்னால் அம்மாவும் வங்கிக்காரரும் காகிதங்களோடு. நடுவில் அப்பா, உட்காரவும் முடியாமல் விலகவும் முடியாமல். இவர்களுக்கு எல்லாம் பின்னால், ஜன்னல் சட்டத்துக்குள் விரல் நுனி அளவுக்கு அந்தப் பையன். கேமரா பின்வாங்கத் தொடங்கியதிலிருந்து அம்மா எழுந்து ஜன்னலருகே போகும்வரை வெட்டே கிடையாது, ஒரே ஷாட். நீங்கள் சொல்லும் ஒட்டு இங்கே எங்கே இருக்கிறது?

படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் அகன்ற லென்ஸ் போட்டு, விளக்கைக் கூட்டி, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரைச் சுருக்கியதால்தான் மேசையும் பனியும் ஒரேபோலத் தெளிவாக நிற்கின்றன. பனி மங்கியிருந்தால் பையன் வெறும் பின்னணிதான். தெளிவாக இருப்பதால் அவர்கள் பேசப்பேச என் கண் அவனிடமே ஓடுகிறது. தன் வாழ்க்கை கைமாறுவது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான், கிட்டவும் தூரமும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும் இந்த ஆழ்கவனத்தைக் கொண்டாடியதும் இதற்காகத்தான். எதைப் பார்ப்பது என்பதைப் பார்வையாளரிடமே விடுகிறது அது.

வெட்டுமேசை:
நல்ல உதாரணம்தான். ஆனா அதே காட்சியில அப்பா போய் ஜன்னலை மூடுறார், பையனோட கத்தல் சட்டுனு அறுந்துடுது. எனக்கு வயித்தைப் பிசைஞ்ச இடம் அதுதான். அது ஒலி! வசனத்தையும் எடுத்துட்டுப் பாருங்க. ஏதோ வீட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போடுறாங்கன்னுதான் நினைப்பீங்க.

ஆழ்கவனம்:
என்ன நடக்கிறது என்பதை வசனம் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். யாருக்காக நான் பதறவேண்டும் என்பதை இடமும் அளவும் சொல்கின்றன. வசனமே வேண்டாமென்றால் சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) இருக்கிறது. ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கைத்தொலைநோக்கியால் தெருவைப் பார்க்கிறாள் சாரு. அப்புறம் கணவன் புத்தகத்தில் கண் பதித்தபடி, கை எட்டும் தூரத்தில், அவளைக் கவனிக்காமலே கடந்து போகிறான். அவள் அதே தொலைநோக்கியைத் தூக்கி அவன் முதுகைப் பார்க்கிறாள். வீட்டுக்குள் இருக்கும் கணவனைப் பார்க்கத் தொலைநோக்கி! நான் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் மூச்சை நிறுத்துகிறேன்.

விளக்கடி:
லைட்டிங்கில் வேலை பார்ப்பவன், அந்தத் திரைச்சீலை பற்றி மட்டும் சொல்கிறேன். ஏன் தொங்கியது என்பது உங்கள் பிரச்சினை. தொங்கியபின் என்ன செய்தது என்பது பார்ப்பவரின் அனுபவம். மங்கலான அறையில் பளிச்சென்று ஒரு சிவப்பு இருந்தால் கண் முதலில் அங்கேதான் போகும், முகம் இரண்டாவதுதான். ‘கோபம்’ என்பது அந்த மூவரின் ஊகம். கண் இழுக்கப்பட்டது ஊகமில்லை.

ஒரு நிறத்துக்கு அர்த்தம் ஏற்றவேண்டுமென்றால் உழைக்கவேண்டும். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வில் (1958) நாயகி மேட்லின் முதலில் தெரிவது சிவப்புச் சுவர் உணவகத்தில், பச்சை மேலாடையில். பிறகு ஜூடி என்ற பெண் மேட்லினின் அதே தோற்றத்துக்கு மாறி வரும்போது ஓட்டல் பலகையின் பச்சை வெளிச்சம் அவளைச் சூழ்கிறது. பச்சைக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. முன்னால் பார்த்ததால்தான் இங்கே நடுக்குகிறது.

குலெஷோவ் பற்றியும் ஒன்று. அந்த முகம் வெறுமையாக இருந்ததால்தானே சோதனை பலித்தது? அழுகிற முகத்துக்குப் பக்கத்தில் சூப்பை வைத்தால் பசி தெரியுமா? ஒட்டுவதற்கு ஏற்ற ஷாட்டைத் தேர்ந்தெடுத்ததே பாதி வேலை.

வெட்டுமேசை:
முன்னால பார்த்ததை நினைவுபடுத்துறதும் எடிட்டிங்தான்னு நான் சொல்லுவேன், அதை விடமாட்டேன். ஆனா நேத்து ராத்திரி அந்த ஷாட்டைத் திறந்து, நிறத்தை மொத்தமா எடுத்துட்டு ஓட்டிப் பார்த்தேன். கண்ணு திரைச்சீலைக்குப் போகலை, அவ கைக்குப் போச்சு. அழுதுக்கிட்டே சட்டைப் பித்தானைத் திருகித் திருகி, கடைசியில பிச்சே எடுத்துடுறா. இருபது தடவையாவது அந்த ஷாட்டை வெட்டியிருப்பேன், அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பொண்ணு அதை நடிச்சுட்டுப் போயிருக்கு, ஒரு துணியால நாங்க அதை மறைச்சிருக்கோம். கலர் கரெக்ஷன்ல அந்தச் சிவப்பை மட்டும் இறக்க வழி இருக்கா விளக்கடி? தோல் நிறம் கெடாம?