பழைய டீவில டிஜிட்டல் ஒளிபரப்பு வந்துச்சா? உங்க அனுபவத்த சொல்லுங்க

கிள்ளான்காரன்:
2019ல மலேசியாவுல பழைய அனலாக் ஒளிபரப்ப நிறுத்திட்டு டிஜிட்டலுக்கு மாத்துனாங்கல்ல, அப்ப நடந்தது இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அப்பா வீட்டு எல்சிடி 2011ல வாங்குனது, கீழ சட்டத்துலயே "டிஜிட்டல்"னு வெள்ளி எழுத்துல இருக்கும். அப்பா முன்னாடியே கடையில போயி, டிஜிட்டல் சிக்னல மாத்திக் குடுக்கற டிகோடர் பெட்டி வேணுமான்னு கேட்டாரு, "அங்கிள் உங்களுது டிஜிட்டல் டீவி, டிகோடர் வேஸ்ட்"னு சொல்லி அனுப்பிட்டான். அக்டோபர்ல எங்க ஏரியால கட் பண்ணாங்க, டிவி2 தமிழ்ச் செய்தி நேரத்துக்கு வெறும் பூச்சி பறக்குது. ஸ்கேன் போட்டா கோடு மெதுவா நூறு வரைக்கும் ஓடுது, கடைசில சேனல் 0. அப்பா ரிமோட்ட தொடையில தட்டி பேட்டரிய மாத்திட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து ஸ்கேன். நான் பின்னாடி லேபிள படிச்சா டிவிபி-டிங்கற பழைய டிஜிட்டல் முறைதான் இருக்கு, நம்ம நாட்டுல விடறது அதுக்கு அடுத்து வந்த டிவிபி-டி2. அதே கடைக்கு போனா அவன் சிரிச்சிக்கிட்டே சொல்றான், "அதுவும் டிஜிட்டல்தான் அங்கிள், இது வேற டிஜிட்டல்". அந்த சிரிப்புதான்.

ஜொகூர் அக்கா:
நாங்க அதுக்கும் முந்தியே பட்டோம் லா. ஜேபில (ஜொகூர் பாரு, சிங்கப்பூர் எல்லை) பாதி பேரு ஆன்டெனாவ சிங்கப்பூர் பக்கம் திருப்பி வச்சி அங்கத்த தமிழ் சேனல் வசந்தம் பாக்கறவங்கதானே, அங்க 2019 ஜனவரி 1 ராத்திரியோட அனலாக் முடிஞ்சிது. எங்கண்ணன் பெர்த்லேர்ந்து வரும்போது கப்பல்ல போட்டு கொண்டாந்த டீவி, சும்மா சொல்லக்கூடாது படம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா ஆஸ்திரேலியாவுல இன்னும் பழைய டிவிபி-டி தான், அது இங்க ஒன்னத்தையும் புடிக்கல. பக்கத்து வீட்டு பாட்டிகிட்ட இருந்தது குண்டு டீவி, மேல லேஸ் துணி போட்டு பிள்ளையார் வச்சிருப்பாங்க. பேரன் ஒரு டிகோடர வாங்கி மஞ்ச வெள்ள செவப்பு ஒயர சொருகி விட்டுட்டான், வசந்தம் பளிச்சுன்னு வருது. அண்ணன் வாசல்ல நின்னு அத பாத்த பார்வை இருக்கே, ஐயோ.

ஈப்போ மாமா:
எல்லாரும் டீவியவே கொற சொல்றீங்க, பாதி வீட்டுல பிரச்சன ஆன்டெனாதான். எனக்கும் மொதல்ல வரல, ஆன்டெனா மாத்துனேன், வந்துச்சு, அவ்ளோதான் என் கத. இப்ப கேட்டுக்குங்க. அந்தக் காலத்துல டிவி1 டிவி2 நெறைய எடத்துல விஎச்எஃப்ங்கற அலைவரிசையில வந்துச்சு, அதுக்குத்தான் கூரமேல நீள நீள கம்பி வச்ச ஆன்டெனா. டிஜிட்டல் முழுக்க அதுக்கு மேல உள்ள யூஎச்எஃப் அலைவரிசை, குட்டிக் கம்பி வச்சது வேணும். அப்புறம் சிக்னல கூட்டற பூஸ்டர் உள்ள ஆன்டெனான்னா டிகோடர் மெனுவுல 5 வோல்ட் ஆன் பண்ணணும், யாரும் பண்றதில்ல. டீவிலயே டிவிபி-டி2 இருந்தும் ஸ்கேன்ல ஒன்னும் வரலன்னா கன்ட்ரி செட்டிங்க பாருங்க, சில மாடல்ல நாட்ட தப்பா வச்சா டி2 ஆப்ஷனே காட்டாது. ரொம்ப பழைய டீவி, மஞ்ச வெள்ள செவப்பு ஒயர் சொருகற ஏவி ஓட்டையே இல்ல, ஆன்டெனா ஓட்ட மட்டுந்தான்னா நடுவுல, டிகோடர் படத்த ஆன்டெனா ஓட்ட வழியா அனுப்பற ஆர்எஃப் மாடுலேட்டர் ஒன்னு போடணும், இல்லன்னா ஏவி இருக்கற பழைய வீடியோ கேசட் டெக் (விசிஆர்) வழியா ஒயர கொண்டு போலாம். அனலாக்ல சிக்னல் கம்மின்னா புள்ளி புள்ளியாவாவது ஒரு படம் தெரியும், டிஜிட்டல்ல அப்படியே நின்னுரும், இல்ல கட்டம் கட்டமா ஒடையும், ஒடனே டீவி போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க.

கிள்ளான்காரன்:
மாமா நான் எழுதுனத படிச்சீங்களா? டி2 சிக்னல புடிக்கற டியூனரே இல்லாத டீவிக்கு ரெட்டக் கோபுரத்து உச்சியில ஆன்டெனா கட்டுனாலும் சேனல் 0 தான். கடைசில டிகோடர் வாங்கி எச்டிஎம்ஐல போட்டோம், இப்ப ஓடுது. என் கேள்வி, "டிஜிட்டல்"னு ஒட்டி வித்தாங்களே, அத ஏன் யாரும் கேக்கல?

சென்னைவாசி:
குறுக்க வரேன், மன்னிக்கவும். இங்க தூர்தர்ஷன் 2016லயே சென்னையோட சேத்து 16 நகரத்துல டிவிபி-டி2 விட்டாங்க, தெரிஞ்சவங்க எத்தன பேரு? ஆர்வத்துல, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி தெருவுக்கு போயி டி2 பாக்ஸ் இருக்கான்னு கேட்டேன். கடைக்காரர் உள்ள போயி தேடி ஒரு டிஷ்ஷு தட்ட தூக்கிட்டு வந்தாரு. இல்லண்ணே, மாடியில கம்பி ஆன்டெனா வச்சி பாக்கறதுன்னேன். என்ன ஏற எறங்க பாத்துட்டு, "யாருக்கு சார், தாத்தாவுக்கா?"ன்னாரு. வீட்டு டீவியில அனலாக் டியூனர் மட்டுந்தான். கேபிள்காரர் இருக்கற வரைக்கும் இங்க யாருக்கும் கவல இல்ல.

ஷா ஆலம்:
எங்க வீட்டுல அஸ்ட்ரோ, ஒன்னும் ஆகல. அது காசு கட்டி பாக்கற சேட்டிலைட் டீவி, இந்த அனலாக் நிறுத்துனதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா அத்த வீட்டுல அஸ்ட்ரோ இருந்தும் பயந்துபோயி டிகோடர் வாங்கி வச்சிருக்காங்க, இன்னும் பெட்டி பிரிக்கல.

ஈப்போ மாமா:
தம்பி கிள்ளான், படிச்சேன் படிச்சேன். கன்ட்ரி செட்டிங் பாத்தியா இல்லையா, அத மட்டும் சொல்லு.