சேஃப்டி டே பேச்சுக்கு ஜான் ஸ்காட் ஹால்டேன் பத்தி சொல்லலாமா?

மணலி_சேஃப்டி:
எல்லாருக்கும் வணக்கம். மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினத்துக்கு எங்க பிளான்ட்ல என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. வருஷா வருஷம் உறுதிமொழி, போபால் போட்டோ, ஹெல்மெட் போடுங்கன்னு முடிஞ்சிடும், பாதிப் பேர் போனை நோண்டிட்டு இருப்பாங்க. இந்தத் தடவை ஒரு மனுஷனோட வாழ்க்கையைச் சொல்லலாம்னு இருக்கேன். ஹால்டேன், 1860ல எடின்பரோவுல பொறந்தவர், சுரங்கத்துக்குள்ள கேனரி குருவி கொண்டுபோங்கன்னு சொன்ன டாக்டர். மலை உச்சியிலயும் போய் ஆராய்ச்சி பண்ணியிருக்கார், நானும் லீவு கிடைச்சா மலை ஏறுற ஆளு, அதனால ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கேக்கப்போறது வெல்டர், ஹெல்பர், கான்ட்ராக்ட் ஆளுங்கதான். எதைச் சொன்னா மனசுல நிக்கும்?

சுரங்கத்துக்காரன்:
டைலர்ஸ்டவுன்ல ஆரம்பிங்க சார். வேல்ஸ்ல நிலக்கரிச் சுரங்கம், 1896 ஜனவரில வெடிச்சு 57 பேர் போயிட்டாங்க. வெடியிலயே செத்துட்டாங்கன்னுதான் எல்லாரும் நெனச்சது, இவர் உள்ள இறங்கிப் போய்ப் பாத்தா நெறைய பேர் உடம்புல பெரிய காயமே இல்ல, தோல் மட்டும் செவசெவன்னு இருக்கு, ரத்தத்தைச் சோதிச்சா கார்பன் மோனாக்சைடு. வெடிக்குத் தப்பினவங்களை அதுக்கப்புறம் வந்த வாயு முடிச்சிருக்கு. அந்த வாயுவை அதுக்கு முந்தியே லேப்ல தானே இழுத்து, ரத்தத்துல பாதிக்கு மேல ஏறுற வரைக்கும் உக்காந்து குறிப்பெடுத்தவர் அவர். அடுத்தவனை வெச்சு சோதிக்கல பாருங்க, எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது அதுதான். சின்ன உயிர் வேகமா மூச்சு விடும், மனுஷனுக்கு முன்னாடி தள்ளாடி விழும், அந்த கேப்ல ஓடி வந்துடலாம், குருவி கணக்கு அவ்வளவுதான். பிரிட்டன்ல 1986 வரைக்கும் சுரங்கத்துல கேனரி இருந்துச்சு.

இன்னொண்ணு, சின்னப் பையனா இருந்த தன் மகனை சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போய், மீத்தேன் தேங்கின இடத்துல நிமிர்ந்து நின்னு மனப்பாடமா ஒரு நாடக வசனம் சொல்லுன்னார். பையன் கொஞ்சம் சொன்னதுமே மூச்சு வாங்கிக் கால் மடங்கி விழுந்துட்டான், தரையில நல்லா மூச்சு விட முடிஞ்சுது. மீத்தேன் லேசு, மேலதான் நிக்கும். அந்தப் பையன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன், பின்னாடி 1957ல இந்தியாவுக்கே வந்து குடியேறினவர்.

கோவை_டிரெக்கர்:
சூப்பர் டாபிக் ப்ரோ, ஆனா மலையேறுற வீரர்னு மட்டும் அறிமுகம் பண்ணாதீங்க. 1911ல அமெரிக்காவுல கொலராடோவுல இருக்கிற பைக்ஸ் பீக்ங்கிற மலைக்கு ஹால்டேன் டீம் போனாங்க, 14,100 அடி சொச்சம், உச்சி வரைக்கும் அப்பவே ரயில் உண்டு. அஞ்சு வாரம் மேலயே தங்கினதுதான் விஷயம். ரயில்ல வந்து இறங்குற டூரிஸ்ட்டுங்க உதடு நீலம் பாரிச்சு, வாந்தி எடுத்து மயங்கி விழுறாங்க, பல நாளா அங்கயே இருக்கிற இவங்க சாதாரணமா வேலை பாக்கறாங்க. உடம்புக்கு நாள் குடுத்தா பழகிக்கும். இப்பவும் லடாக்ல லே போயி இறங்கின அன்னைக்கே கர்துங்லா உயரக் கணவாய்க்கு ஓடுற பசங்களுக்கு நான் சொல்லி சொல்லி ஓஞ்சுபோன விஷயம் இது.

நுரையீரல் தானே ஆக்சிஜனைச் சுரக்குதுன்னு அங்க ஒரு முடிவுக்கு வந்தார், அது தப்பு, ஆனா கடைசி வரைக்கும் அவர் விட்டுக்குடுக்கல. அதையும் சொல்லுங்க, சாமியாக்க வேண்டாம். அந்த டீம்ல மேபல் ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு அம்மா, உச்சியில தங்காம கொலராடோ சுரங்க ஊர் ஊராப் போய் அங்க இருக்கிறவங்க மூச்சை அளந்தாங்க, அவங்க பேர் விட்டுப்போகக் கூடாது.

டேங்க்_சூப்பர்வைசர்:
நிலக்கரிச் சுரங்கம் நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப தூரம் சார். டேங்க், மேன்ஹோல், செப்டிக் டேங்க்தான் பக்கத்துல. ஒருத்தர் உள்ள விழுந்தா அண்ணன் தம்பி பதறிக் குதிப்பாங்க, அவங்களைத் தூக்க மூணாவது ஆள், நம்ம ஊர்ல எத்தனை தடவை பேப்பர்ல படிச்சிருக்கோம், ஒவ்வொரு தடவையும் வயிறு எரியுது. அந்தப் பையன் கதையைச் சொன்ன கையோட நாலு வாயுவை ஒண்ணா அளக்கிற மீட்டரை எடுத்துக் காட்டுங்க. மீத்தேன் மேல நிக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷ வாயு கனம், அடியில படியும், அதனால மூடிகிட்ட மட்டும் பாத்துட்டு ஓகேன்னு உள்ள இறங்குற பெர்மிட்ல கையெழுத்துப் போடக் கூடாது, டியூபை விட்டு மேல, நடுவுல, அடியில மூணு இடமும் பாக்கணும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழன்னா யாரும் இறங்கக் கூடாது. ஹால்டேனே 1880கள்ல லண்டன் பார்லிமென்ட் கட்டடத்துக்குக் கீழ இருக்கிற சாக்கடைக் காத்தை ஆராய்ச்சி பண்ணியிருக்கார், அதையும் சேத்துக்கோங்க.

உங்க ஆளுங்க ரிஃபைனரி பக்கம்னா இதுவும் பொருந்தும். 75 வயசுல ஈரான், ஈராக் போய் எண்ணெய் ரிஃபைனரி தொழிலாளிங்களுக்கு ஏன் வெயில்ல ஹீட் ஸ்ட்ரோக் வருதுன்னு பாத்துட்டு வந்தார், திரும்பி வந்து 1936 மார்ச்ல நிமோனியால போயிட்டார்.

மணலி_சேஃப்டி:
ஈரான் விஷயம் எனக்குப் புதுசு, பிளான்டை நிறுத்திப் பராமரிப்பு பாக்கற ஷட்டவுன் நேரத்து வெயில்ல வேலை பாக்கறவங்களுக்கு அது நேரா போய்ச் சேரும். ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பையன் கதை, மீட்டர், அப்புறம் டைலர்ஸ்டவுன், அந்த வரிசையில போறேன். மீட்டரை நான் பிடிக்காம ஹெல்பர்ல ஒருத்தரை மேடைக்குக் கூப்பிட்டு அவர் கையிலயே குடுத்து மூணு இடமும் பாக்கச் சொல்லப்போறேன், டிரம் ஒண்ணு ரெடி பண்ணச் சொல்லிட்டேன்.