மெத்தைக்குள் இறங்கிய ஈரம்: உங்கள் வீட்டு அனுபவம் சொல்லுங்கள்

வேளச்சேரி வாசி:

எங்கள் வீட்டில் ரப்பரைஸ்டு காயர் மெத்தை. மேலே விரல் கனத்துக்கு ஃபோம், அதற்குக் கீழே முழுக்கத் தேங்காய் நார். சின்னவன் ராத்திரியில் நனைப்பது வழக்கமாகிவிட்டதால், தீபாவளி கழிந்ததும் வீட்டுக்கே வந்து சுத்தம் செய்து தருபவர்களை வரவழைத்தோம். ஷாம்பூ நுரையைப் பீய்ச்சினார்கள், பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள், மெஷினால் உறிஞ்சினார்கள். டப்பாவில் சேர்ந்த கறுப்புத் தண்ணீரைக் காட்டி, "பாத்தீங்களா சார், இதுக்கு மேலதான் இத்தனை நாளா படுத்திருந்தீங்க" என்றார் ஒருவர். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

கையை வைத்துப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. படுத்து முழங்கையை ஊன்றியபோது அந்த இடத்தில் மட்டும் ஈரம் ஊறி மேலே வந்தது. ஃபோம் காய்ந்துவிட்டது, நாருக்குள் இறங்கிய தண்ணீர் அப்படியே நிற்கிறது. சென்னையில் நவம்பர் மாதம், வெளியே அடைமழை. கட்டிலும் ஒரு துளைகூட இல்லாத பிளைவுட் பலகை. சில நாளில் தூக்கிப் பார்த்தால், அடிப்பக்கம் கடுகு தூவினாற்போலப் பூஞ்சணம்.

போன் செய்தால் "ஃபேன் போடுங்க சார்" என்பதோடு சரி. சுவரோரம் நிமிர்த்தி வைத்து, அடியில் செங்கல் கொடுத்து, இரண்டு பக்கமும் ஃபேனைத் திருப்பி விட்டிருக்கிறோம். மெத்தைக்குள் தண்ணீரை விட ஆள் இருக்கிறது, வெளியே எடுக்கத்தான் ஆள் இல்லை. தண்ணீர் அதிகம் படாமல் சுத்தம் செய்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கோவை அம்மா:

சார், குழந்தை நனைத்தால் முதலில் பக்கெட்டைத் தூக்காதீங்க. பழைய டர்க்கி டவலை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் ஏறிக் குதிகாலால் அழுத்துங்க. தேய்த்தால் பரவும், உள்ளே இறங்கும். அழுத்தினால் டவல் உறிஞ்சிக்கொள்ளும். டவலை மாற்றி மாற்றி, புதுசு நனையாத வரைக்கும் அழுத்தணும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் கறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் பெரும்பாலும் 20 வால்யூம் என்று போட்டுத் தருவார்கள். அது சுமார் 6 சதவீதம், சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகும். அந்தக் கரைசல் ஒரு டம்ளருக்கு மூன்று மேசைக்கரண்டி சமையல் சோடா, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு. கையுறை போட்டுக்கொண்டு, கறை மேல் மட்டும் மெல்லிசாகத் தெளித்து, ஃபேனில் காய விடுங்க. காய்ந்தால் வெள்ளைப் பொடியாக நிற்கும். வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடலாம். பழைய மஞ்சள் கறையும் நன்றாகவே வெளிறும்.

கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடணும். மூடி போட்ட பாட்டிலில் எடுத்து வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். இன்னொன்று, இது சாயத்தையும் வெளுக்கும். பூப்போட்ட துணி என்றால் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்க. லேடெக்ஸ் மெத்தைக்கு நான் இதைப் போடமாட்டேன், ரப்பருக்கு ஆகாது.

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். சுடுதண்ணீர் பட்டால் கறை இறுகிவிடும். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படும் வீடியோக்களை நம்பாதீங்க. ஒன்றை ஒன்று முறித்துவிட்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான்.

போடி பேத்தி:

அக்கா சொன்னது ஃபோமுக்கும் நாருக்கும் சரி. எங்கள் ஊர் போடியில் இலவம் பஞ்சுதான், அதன் கதையே வேறு. பாட்டி மெத்தையை நனைத்து நான் பார்த்ததே இல்லை. உறையின் ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்து, பஞ்சை மொட்டைமாடியில் பழைய பாய் மேல் கொட்டுவார். காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு நூல் சேலை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நாங்கள் உட்கார்ந்து, கட்டி தட்டிய இடங்களை விரலால் பிய்த்து உதிர்ப்போம். கையோடு வரும் கொட்டைகளைப் பொறுக்கிப் போடுவது சின்னப் பிள்ளைகள் வேலை. பாட்டி சேலைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, "இன்னும் குளுமை இருக்கு, அள்ளாதீக" என்பார். உறை தனியாகத் துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கும். சாயங்காலம் திரும்ப அடைத்துத் தைத்தால் மெத்தை இரண்டு மடங்கு பொங்கி நிற்கும்.

இலவம் இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீர் லேசில் ஒட்டாது. அந்தக் காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு உடைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் படுக்கப் படுக்க நசுங்கி, வியர்வை ஈரத்தில் கட்டி கட்டும். அதைப் பிரித்துவிடுவது வெயில்தான்.

இந்த வெயில் வைத்தியத்தை லேடெக்ஸுக்குச் செய்துவிடாதீர்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் கோடை முழுக்க மாடியில் கிடந்த லேடெக்ஸ் தலையணை, உறையைக் கழற்றியபோது பிஸ்கட் போல் உதிர்ந்தது. லேடெக்ஸும் மெமரி ஃபோமும் நிழலில், காற்றோட்டத்தில் காய்ந்தால் போதும்.

மேன்ஷன் தம்பி:

வெயிலில் போட்டால் மூட்டைப்பூச்சி செத்துவிடும் என்று திருவல்லிக்கேணி மேன்ஷனில் எல்லோரும் சொன்னார்கள், யார் அறையிலும் சாகவில்லை. கிட்டத்தட்ட 50 டிகிரி சூடு உள்ளே வரைக்கும் ஏறி நின்றால்தான் முட்டையோடு சாகும். மாடியில் மெத்தையின் தோல் சுடும், நடுவில் அவ்வளவு ஏறாது. வெயில் பட்ட பக்கத்தை விட்டு அடிப்பக்கத்துக்கு நடந்து போய்விடும், அவ்வளவுதான்.

டார்ச் அடித்து, பழைய ஏடிஎம் கார்டை மெத்தை ஓரத்துப் பைப்பிங் தையலுக்குள் விட்டு இழுத்தால் கூட்டம் வெளியே வரும். மைப்புள்ளி மாதிரி கறுப்புக் கறை இருந்தால் அங்கேதான் குடியிருப்பு. மெத்தையோடு நிறுத்தினால் பிரயோஜனமில்லை. கட்டில் மூட்டு, ஸ்க்ரூ துளை, சுவரில் ஆணி அடித்த ஓட்டை எல்லாம் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாத ஜென்மம் அது, அறையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவதெல்லாம் வீண்.

கோவை அம்மா:

தம்பி சொன்னதும் உடம்பெல்லாம் அரிக்குது! மெத்தைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் தூசிப் பேனுக்கும் (டஸ்ட் மைட்) சோடா தூவினால் போதும் என்கிறார்கள். சோடா வாடையைத்தான் எடுக்கும், பேனைக் கொல்லாது. படுக்கை விரிப்பை 60 டிகிரியில் துவைத்தால் அது சாகும், ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷினில் அந்த வசதி இருக்கும்.

வேளச்சேரி சார், மெத்தை காய்ந்ததும் பிளைவுட்டில் ஆசாரியைக் கூப்பிட்டுச் சாணுக்கு ஒரு துளை போடச் சொல்லுங்க. காலையில் எழுந்தவுடனே விரிப்பை மடிப்பில்லாமல் இழுத்து மூடவும் வேண்டாம், வியர்வை ஆறட்டும். நான் கரண்ட் பில் கட்டும்போதெல்லாம் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடுவேன். ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. புரட்டிப் போடுவது இரண்டு பக்கமும் படுக்கிற மாதிரி தைத்த மெத்தைக்கு மட்டும்தான். ஒரு பக்கம் மட்டும் ஃபோம் வைத்ததைப் புரட்டினால் நார் முதுகில் குத்தும்.

வாட்டர்புரூஃப் கவர் வாங்கும்போது பிவிசி வேண்டாம், புரண்டால் சரசரவென்று சத்தம், வியர்த்துக் கொட்டும். மேலே டர்க்கி துணி, அடியில் மெல்லிய பியு (பாலியூரித்தேன்) படலம் ஒட்டியது கிடைக்கிறது. குழந்தை வீட்டுக்கு இரண்டாக வாங்கிவிடுங்க, ஒன்று காய்வதற்குள் இன்னொன்று தேவைப்படும். சூடான அயர்ன் பாக்ஸ் மட்டும் பக்கத்தில் போகக் கூடாது, அந்தப் படலம் உருகிவிடும்.