வைரஸுக்கு ‘மரபுக்கிளை’ சரிவருமா?

ஐயா, வணக்கம்.

ஜீனோடைப் (genotype) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘மரபணுவமைப்பு’ மெண்டலின் பட்டாணிக்குக் கச்சிதம். ஒரு செடி ஒரு பண்புக்கு எந்த இரண்டு மரபணுக்களை வைத்திருக்கிறது என்பதுதானே அங்கே கேள்வி. டென்மார்க் தாவரவியலாளர் யோஹான்சன் 1909இல் அந்தச் சொல்லை அறிமுகப்படுத்தியதும் ஏறக்குறைய இந்தப் பொருளில்தான்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு வரும்போது அதே சொல் வேறு வேலை பார்க்கிறது. 1 முதல் 8 வரை எண்ணிடப்பட்டவை தனித்தனி வம்சங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மரபுப்பொருளின் எழுத்துகள் போன்ற நியூக்ளியோடைடுகளின் வரிசையில் சுமார் 30 விழுக்காடு வேறுபாடு. எகிப்தில் 4 அதிகம், இந்தியாவில் 3.

கல்லீரல் மாற்று பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். இந்த வைரஸுக்கு முன்பு ஊசியாகப் போட்ட இன்டர்ஃபெரான் சிகிச்சைக்கு யார் உடல் நன்றாக இசையும் என்பதை ஐஎல்28பி என்ற மனித மரபணுவை ஒட்டிய ஒரு வேறுபாடு காட்டுகிறது என 2009இல் கண்டறிந்தார்கள். அந்த இடத்தில் வரும் எழுத்து சி அல்லது டி (C, T); தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என்பதால் சிசி, சிடி, டிடி என மூன்று அமைப்புகள். சிசி உள்ளவர்களுக்குப் பலன் கூடுதல். மாற்றுக் கல்லீரல் என்றால் தந்தவர், பெற்றவர் இருவருடைய அமைப்பையும் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் வைரஸின் ஜீனோடைப் வேறு. ‘மரபணுவமைப்பு 1, மரபணுவமைப்பு சிசி’ என்று நான் எழுதிய வரி எனக்கே புரியவில்லை. நோயாளி படித்தால், தன் பரம்பரையில் ஏதோ கோளாறு, பிள்ளைகளுக்கும் வரும் என்று பயந்துவிடுவார்.

ஆகவே மனிதருக்கு மரபணுவமைப்பு இருக்கட்டும். வைரஸுக்கு ‘மரபுக்கிளை’, அதற்குள் வரும் 1ஏ, 1பி போன்ற பிரிவுகளுக்கு ‘உட்கிளை’. உறவினரைக் கேளும் கிளையும் என்கிறோமே, அந்தக் கிளைதான். வங்கிக் கிளை நினைவுக்கு வரும் என்பீர்கள். முன்னால் ‘மரபு’ நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

‘வைரஸ் வகை’ என்று முடித்துவிடலாமே என்று சென்ற மடலில் கேட்டிருந்தீர்கள். பி வகை, சி வகை என்று நோயையே அப்படித்தான் பிரிக்கிறோம். உறுப்பு மாற்றுப் பிரிவிலோ முதலில் கேட்பதே ரத்த வகை. அந்தச் சொல் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறது.

‘மரபுக்கிளை’யில் இன்னொரு வசதியும் உண்டு. இன்டர்ஃபெரான் காலத்தில் கிளை 1க்கு 48 வாரம், 2க்கும் 3க்கும் 24 வாரம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கோ, உடல் அந்த உறுப்பை நிராகரித்துவிடலாம் என்று அதைக் கொடுக்கவே தயங்கினார்கள். 2016இல் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர் கூட்டு மாத்திரை 1 முதல் 6 வரை எல்லாவற்றுக்கும் கேட்கிறது. அதை ‘கிளை பாரா மருந்து’ என்று சொல்லிவிடலாம். ‘அனைத்து மரபணுவமைப்புச் செயல் மருந்து’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். ‘வகை’ மட்டும் வேண்டாம்.