ரிப்போர்ட் எல்லாம் நல்லாருக்குன்னா என் வலி எங்கேருந்து வருது?

கொழுந்துமலை_அக்கா எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். இவ்வளவு நாளா வாசிக்க மட்டும்தான் செஞ்சேன், இன்னைக்கு எழுதாம இருக்க ஏலல. நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலத் தோட்டம், வயசு 37, 16 வருஷமா கொழுந்து பறிக்க போறேன். 4 வருஷமா ஒடம்பு வலி. மொதல்ல வலது தோள்பட்டையில ஆரம்பிச்சுது, கூடைக் கயிறு தலையில இழுக்குறதால இருக்கும்னு விட்டுட்டேன், பொறகு கழுத்து, இடுப்பு, முழங்கால், இப்ப உள்ளங்கால் வரைக்கும். ஒரு நாள் ஒரு எடம் கூடும், மறுநாள் வேற எடம், ஆனா வலி இல்லாத நாளுன்னு ஒண்ணு எனக்கு ஞாபகமே இல்ல.

காலையில 4.30க்கு எழும்பி புள்ளைகளுக்கு ரொட்டிக்கு மா பெசையணும். வெரல் மடங்காது. சுடச்சுட சாயத்தண்ணி ஊத்தி அந்த கிளாச ரெண்டு கையாலயும் பொத்திப் புடிச்சிட்டு அடுப்புக்கிட்ட உக்காந்திருப்பேன், ஒவ்வொரு வெரலா வழிக்கு வர கால் மணி நேரம் போகும். அதுக்கு பொறகுதான் மாவுல கை வைப்பேன். இத எந்த டொக்டர்கிட்டயும் சொல்ல நேரம் கெடைக்கல.

போகாத எடம் இல்ல. தோட்டத்து டிஸ்பென்சரில பெனடோல் வலி மாத்திர குடுத்தாங்க. பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க, முதுகுக்கு எக்ஸ்ரே புடிச்சாங்க, எல்லாம் நோர்மல். 4 மணி நேரம் வரிசையில நின்னு உள்ள போனா பேர கேட்டு ரிப்போர்ட்ட பாத்துட்டு "லெடக் நே" ன்னு சொல்லிட்டாங்க, நோய் வருத்தம் ஒண்ணும் இல்லையாம். பக்கத்துல நின்ன ஒருத்தர் எனக்கு தமிழ்ல சொல்றாரு, தோட்டத்து பொம்பளைங்க எல்லாரும் இதத்தான் சொல்லிட்டு வர்றீங்க, வீட்டுல பிரச்சினையான்னு. அங்கயே அழுதுட்டேன், அழுததும் அவங்களுக்கு மனசுதான் வருத்தம்னு முடிவாயிருச்சு. சிங்கள டொக்டர மட்டும் குறை சொல்லல, காசு கட்டி பார்த்த தமிழ் டொக்டரும் மலைக்கு போக மனசில்லாம லீவு துண்டு வாங்க வந்தீங்களான்னுதான் கேட்டாரு. எனக்கா மனசில்ல? நிறுவையில கிலோ கொறஞ்சு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், விழுந்துட்டு வர்ற நாள்ல எனக்கு சோறு எறங்காது.

இன்னொரு விசயம். எனக்கு வலிக்கு எத்தனையோ பேச்சு இருக்கு. தோள்பட்ட இழுக்குது, இடுப்பு கடுக்குது, காலு ஒளையுது, உள்ளங்கால் எரியுது, கழுத்துல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, எலும்புக்குள்ள கொடையுது, ராவைக்கு கை மரத்துப் போகுது. அந்த மேசைக்கு முன்னாடி உக்காந்தா எனக்கு தெரிஞ்ச சிங்களம் "ரிதெனவா", வலிக்குதுன்னு, அது மட்டும்தான். கழுத்துக்கும் அதுதான் காலுக்கும் அதுதான். அவங்க கொப்பியில ஒரே வரி எழுதிட்டு அடுத்த ஆள கூப்புடுறாங்க.

எல்லா ரிப்போர்ட்டும் நல்லா இருந்துட்டு இப்படி வலிக்கிற வருத்தம்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா? இருந்தா நான் அவங்களுக்கு எப்படி வெளங்க வைக்கிறது? வீட்டுக்காரரும் இப்பெல்லாம் ஒண்ணும் கேக்கிறதில்ல. என் மேலேயே எனக்கு சந்தேகம் வந்துருச்சு.

மஸ்கெலியா_மகள் எழுதினது:

அக்கா வாசிச்சுட்டு எனக்கு கண்ணெல்லாம் கலங்கிருச்சு, அப்படியே எங்கம்மாவ பாத்த மாதிரி இருந்துச்சு. அம்மாவுக்கு 6 வருஷம் இதே கததான், கடைசியா கண்டி பக்கம் ஒரு வாதநோய் கிளினிக்லதான் பைப்ரோமயல்ஜியான்னு பேர் சொன்னாங்க. உங்களுக்கும் அதுதான்னு நான் சொல்ல வரல அக்கா, ஆனா ரிப்போர்ட் நல்லா இருந்துட்டு ஒடம்பு முழுக்க வலிக்கிற வருத்தம் இருக்கு, அதுக்கு பேரும் இருக்கு.

நீங்க சொன்ன அந்த ஒரே சொல்லு விசயம் எங்களுக்கும் நடந்துச்சு. நான் செஞ்சது என்னன்னா, ஒரு ஞாயித்துக்கிழம அம்மாவ உக்கார வச்சு ஒவ்வொரு எடமா கேட்டு எழுதுனேன். எங்க, எப்படி, எந்த நேரம், அதால எந்த வேல செய்ய ஏலல. பொறகு எனக்கு தெரிஞ்ச சிங்கள டீச்சர்கிட்ட கொண்டு போய் ஒரு பக்கத்துக்குள்ள எழுதி வாங்குனேன். உங்களுக்கு ஒதவும்னு அதுல சிலத இங்க போடுறேன், சத்தமா சொல்லிப் பழகுங்க. எரியுதுன்னா தெவில்ல. மரத்துப் போகுதுன்னா ஹிரி வெட்டெனவா. குத்துற மாதிரின்னா அனினவா வகே. ஒவ்வொரு நாளும்னா ஹெமதாம. ராவைக்கு தூக்கம் வர்றதில்லன்னா ரே நிந்த யன்னே நே. வேல செய்ய ஏலலன்னா வெட கரண்ட பே.

அந்த ரொட்டி மாவு, கிளாச புடிச்சிட்டு உக்காந்திருக்கிறது, அத கட்டாயம் எழுதுங்க. எங்கம்மா ரொம்ப வலிக்குதுன்னு 6 வருஷம் சொன்னாங்க, யாரும் நிமிந்து பாக்கல. தலைமுடிய பின்ன கைய தூக்க ஏலல, மகதான் பின்னி விடுறான்னு எழுதிக் குடுத்த அன்னைக்குத்தான் டொக்டர் பேனாவ வச்சுட்டு அம்மா மூஞ்சிய பாத்தாரு.

நைட்_டியூட்டி எழுதினது:

அக்கா, நான் பதுளை பக்கம் ஆஸ்பத்திரியில வேல செய்யிற தாதி. டொக்டர் இல்ல, அதனால இது உங்களுக்கு என்ன வருத்தம்னு நான் சொல்ற முடிவு இல்ல, எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

எங்க லயத்து வீட்டுல ஒரு நாய் இருந்துச்சு. ஒரு தடவ கள்ளன் வந்துட்டான், அன்னைக்கு குரைச்சுது, நல்ல வேல செஞ்சுது. அதுக்கு பொறகு எல அசைஞ்சாலும் குரைக்கும், மழ பெய்ஞ்சாலும் குரைக்கும், ராவெல்லாம் தூங்க விடாது. வலிக்கிற நரம்பும் மூளையும் சில பேருக்கு அப்படி ஆயிரும். எக்ஸ்ரேல தேடுறது கள்ளன. கள்ளன் அங்க இல்ல, ரிப்போர்ட் நோர்மல்னு வருது. ஆனா நாய் குரைக்கிறது நெசம், அத நீங்க கேக்குறதும் நெசம். உலக சுகாதார அமைப்போட நோய்ப் பட்டியல்ல, 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்த ஐசிடி 11ல, 3 மாசத்துக்கு மேல நீடிக்கிற வலி அதுவே ஒரு நோயா இருக்கலாம்னு தனியா சேத்திருக்காங்க. உங்களுக்கு 4 வருஷம்.

தங்கச்சி சொன்ன அந்த பேப்பர் ஏன் முக்கியம்னா, பைப்ரோமயல்ஜியாவ முன்னாடி, 1990ல வந்த முறைப்படி, ஒடம்புல 18 எடத்த அழுத்திப் பாப்பாங்க, 11 எடத்துல வலிச்சாத்தான் கணக்கு. 2010ல அத மாத்தினாங்க. இப்ப எந்தெந்த எடத்துல வலி, தூங்கி எழும்பினா களைப்பு போகுதா, மறதி இருக்கா, அசதி எவ்வளவுன்னு கேட்டுத்தான் முடிவு பண்றது. அப்படின்னா நீங்க வாய தொறந்து சொல்றதுதான் பரிசோதன. 2 நிமிசத்துல ஒரே ஒரு "ரிதெனவா" மட்டும் கேட்டா எந்த கெட்டிக்கார டொக்டராலயும் கண்டுபுடிக்க ஏலாது. அதனால ஒங்க பக்கம் பெழையே இல்ல, அத மொதல்ல மனசுல வையுங்க.

ஆனா வேற வருத்தம் எதுவும் ஒளிஞ்சிருக்கான்னும் பாக்கணும். ரத்தம் எடுத்தாங்கன்னு சொன்னீங்க, என்னென்ன பாத்தாங்கன்னு கொப்பியில பாருங்க. ரத்த அளவு, ஒடம்புக்குள்ள அழற்சி இருக்கான்னு காட்டுற ஈஎஸ்ஆர், சீஆர்பி, தைரொய்ட், சீனி இதெல்லாம் பாத்திருந்தா நல்லது. தைரொய்ட் கொறஞ்சாலும் ஒடம்பெல்லாம் இப்படி வலிக்கும், அதுக்கு சுகமான மருந்து இருக்கு. காலையில வெரல் மடங்கலன்னு எழுதியிருக்கீங்க, மூட்டு வீங்குதா, வழிக்கு வர அர மணி நேரத்துக்கு மேல போகுதான்னு கவனிச்சு அதையும் சொல்லுங்க, மூட்டு வாதம்னா அது வேற வைத்தியம். இன்னொண்ணு, காய்ச்சலோட வலி, காரணமில்லாம மெலிவு, ஒரு கால் பலம் கொறையிறது, சிறுநீர் மலம் தெரியாம போறது, மறைவு எடத்துல உணர்ச்சி இல்லாம போறது, இதுல எது வந்தாலும் கிளினிக் நாள் வரைக்கும் இருக்காதீங்க. 1990ங்கிற நம்பருக்கு கோல் எடுத்தா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்ல.

மருந்து பத்தி ஒரு வார்த்த. அமிட்ரிப்டிலின்னு ஒரு சின்ன மாத்திர ராவைக்கு எழுதுவாங்க, 10 மில்லிகிராம்ல தொடங்குவாங்க. அது மன அழுத்தத்துக்கு வந்த மருந்துதான், கொஞ்ச அளவுல குடுத்தா வலி நரம்ப அமத்தி தூக்கத்த குடுக்கும். அதப் பாத்துட்டு என்னைய பைத்தியம்னுட்டாங்கன்னு வீசிடாதீங்க, நெறைய பேர் அப்படித்தான் பாதியில நிறுத்துறாங்க. வாய் வறளும், காலையில கொஞ்சம் மப்பா இருக்கும், அத சொன்னா நேரத்த மாத்திக் குடுப்பாங்க.

கவ்வாத்து_அண்ணன் எழுதினது:

தங்கச்சி நான் 30 வருஷம் தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டி, தண்ணிக் கான் வெட்டி, உர மூட்ட தூக்கி இடுப்பு போன ஆளு. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். யாராச்சும் ஒரு எடத்துல பொடி குடுக்குறாங்க, ஒரு ஊசி போட்டா அன்னைக்கே வலி பறந்துரும்னு சொன்னா போயிராதீங்க. நான் போனேன். பேர் இல்லாத மாத்திர, பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க, ரெண்டே நாள்ல எளவட்டம் மாதிரி ஓடுனேன். 8 மாசம் குடிச்சேன். மூஞ்சி வீங்குச்சு, சீனி கூடுச்சு, பொறகுதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க அது ஸ்டிரோய்ட்னு. திடீர்னு நிறுத்தவும் ஏலாது, கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு விட்டாங்க. வயித்துப் புண்ணு இன்னும் இருக்கு, அது டைக்ளோபினக்னு வலி மாத்திர போட்டதால.

வீட்டுக்காரர் பேசாம இருக்கிறத தப்பா நெனைக்காதீங்க. என் சம்சாரத்துக்கு வருத்தம் வந்தப்போ நானும் அப்படித்தான் இருந்தேன், என்ன செய்யிறதுன்னு தெரியாம.

எட்டியாந்தோட்டை_தம்பி எழுதினது:

எல்லாஞ் சரி, டொக்டர்மாரையும் ஒரேயடியா குறை சொல்லேலாது. ஒரு காலையில நூறு பேருக்கு மேல பாக்கிறாங்க, எத்தனையோ டொக்டர்மார் நாட்ட விட்டே போயிட்டாங்க. அக்கா கொஞ்சம் தியானம், கோயில் குளம்னு மனச தேத்துனா வலியும் கொறையும்னு நெனைக்கிறேன்.

கொழுந்துமலை_அக்கா எழுதினது:

தம்பி, அவங்க கஷ்டம் எனக்கு வெளங்குது. நேரம் இல்லன்னு சொல்லியிருந்தா நான் இன்னொரு நாள் வந்து நின்னிருப்பேன். வருத்தமே இல்லன்னு சொன்னதுதான் வலிச்சுது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் பால்குடம் எடுப்பேன், ரெண்டு வருஷமா எடுக்க ஏலல, அம்மனுக்கும் தெரியும்.

மத்த எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அந்த நாய் கதைய வீட்டுக்காரருக்கு வாசிச்சு காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, காலையில பாத்தா எனக்கு முன்னாடி எழும்பி மா பெசைஞ்சிட்டு இருந்தாரு.

கொழுந்துமலை_அக்கா எழுதினது (6 வாரத்துக்கு பொறகு):

போயிட்டு வந்தேன். மூத்த மகன் ஒரு பக்கத்துல சிங்களத்துல எழுதிக் குடுத்தான், பள்ளிக்கூடத்துல படிக்கிறதால அவனுக்கு வரும், ஒரு சிங்கள அக்கா திருத்திக் குடுத்தாங்க. இந்த தடவ வேற டொக்டர், சின்ன வயசு பொண்ணு. பேப்பர நீட்டுனேன், கை நடுங்குச்சு. முழுசா வாசிச்சாங்க. தெவில்ல எங்கன்னு கேட்டாங்க, செருப்ப கழட்டி உள்ளங்கால காட்டுனேன். வெரல் ஒவ்வொண்ணா அமுக்கி பாத்தாங்க, வீக்கம் இல்லன்னாங்க. தைரொய்ட் இதுவரைக்கும் பாக்கவே இல்லையாம், எழுதுனாங்க, அது நல்லாத்தான் வந்துச்சு. வாதநோய் கிளினிக்குக்கு கடிதம் குடுத்திருக்காங்க. தாதித் தம்பி சொன்ன அதே மாத்திரதான் ராவைக்கு. மொத வாரம் மலையில தலை சுத்துன மாதிரி இருந்துச்சு, 8 மணிக்கே குடிக்க சொன்னாங்க, இப்ப பரவாயில்ல.

வலி போகல. பொய் சொல்லக்கூடாது. ஆனா ராவைக்கு 4, 5 மணி நேரம் ஒரே தூக்கம் வருது, 4 வருஷத்துக்கு பொறகு. கொஞ்சம் கொஞ்சமா நடக்க சொல்லியிருக்காங்க, வேலைக்கு ஏறி எறங்குறது வேற, இது ஒடம்ப தளர்த்தி மெதுவா நடக்கிறதாம், பின்னேரம் கொழுந்து நிறுக்குற மடுவத்துல இருந்து கோயில் வரைக்கும் போயிட்டு வர்றேன். கொப்பியில இந்த தடவ 5 வரி எழுதியிருக்காங்க, மகன்கிட்ட வாசிக்க சொல்லி கேட்டேன்.

அடுத்த மாசம் கண்டிக்கு போகணும். எல்லாம் எழுதிட்டோம், தோள்பட்ட இழுக்குதுன்றதுக்கு மட்டும் சரியான சொல்லு மகனுக்கு தெரியல. யாருக்காச்சும் தெரியுமா?

மஸ்கெலியா_மகள் எழுதினது:

எதெனவா, அக்கா. எ, தெ, ன, வா. தோள்ல கைய வச்சுக் காட்டிட்டே சொல்லுங்க.