மீன் தொட்டிக்கு மாதம் எத்தனை யூனிட் போகும்?

கேள்வி (கிளிநொச்சி): கரண்ட் பில் ஏறியதற்கு அம்மா மீன் தொட்டியைத்தான் குறை சொல்கிறா. 5 வாட் காற்று பம்பு, 15 வாட் ஃபில்டர் இரண்டும் நாள் முழுக்க ஓடும், 20 வாட் லைட் 8 மணித்தியாலம். எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பதில்: தம்பி, வாட்டை மணித்தியாலத்தால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் யூனிட். 30 நாளுக்கு பம்பும் ஃபில்டரும் 14.4, லைட் 4.8, மொத்தம் 19.2. பாவனை கூடக்கூட யூனிட் விலையும் ஏறும், அதனால் தொட்டியோடு வரும் பில்லிலிருந்து தொட்டி இல்லாத பில்லைக் கழித்துப் பாருங்கோ, அதுதான் சரியான செலவு.

பதில்: ஹீட்டர் இருந்தால் கழற்றுங்கோ, வன்னி வெக்கைக்கு அது எதற்கு? ஆனால் ஃபில்டரை இரவில் நிறுத்தவே வேண்டாம், கழிவை உடைக்கும் பாக்டீரியா ஒட்சிசன் குறைந்து பாதிக்கப்படலாம். லைட்டை 6 மணித்தியாலமாக்கினால் பாசியும் குறையும்.