கிருஷ்ணகிரி – ஓசூர் தினசரிப் பயணம்: நான்கு லட்சத்துக்குள் எந்தப் பழைய காரை வாங்கலாம்?

கேள்வி: கிருஷ்ணகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரியில் குடியிருக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போக, வர நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. இதுவரை நிறுவனப் பேருந்தில் சென்று வந்தேன். பணி நேரம் மாறிவிட்டதால் இப்போது இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வெளியே வர முடிகிறது. அந்த நேரத்தில் பெங்களூரிலிருந்து நிரம்பி வரும் பேருந்துகளில் இடம் பிடித்து வீடு சேர்வது மிகவும் சிரமமாக இருக்கிறது. அதே நேரப் பணியில் இருக்கும் தோழியர் இருவரும் என்னுடன் வருவார்கள். கார் ஓட்டுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் கார் வாங்குவது இதுவே முதல் முறை.

கையில் நான்கு லட்சம் ரூபாய் இருக்கிறது. கடன் வாங்க விருப்பமில்லை. மூன்று வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. சேலத்தில் 2015ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல், 3.60 லட்சம். கிருஷ்ணகிரியிலேயே டி.என். 24 பதிவுள்ள 2019ஆம் ஆண்டு இறுதியின் வேகன் ஆர் ஒரு லிட்டர் பெட்ரோல், ஒரே உரிமையாளர், 3.90 லட்சம். பெங்களூரில் கர்நாடகப் பதிவுள்ள 2016 ஐ20 பெட்ரோல், 3.25 லட்சம். வீட்டில் ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள். தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டப் போகும் எனக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதைக் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சூளகிரிப் பட்டறை

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் போகும் பாதையின் ஓரத்தில்தான் என் பட்டறை இருக்கிறது; அந்தச் சாலையில் எந்த வண்டி எப்படித் தேய்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காரின் பெயரை முடிவு செய்யும் முன் பாதையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓசூர் கிருஷ்ணகிரியை விட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காலையில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு நீங்கள் மேடேற வேண்டும். இரவில் களைத்த நிலையில், கனரக லாரிகளுக்கு நடுவே, இறக்கத்தில் திரும்ப வேண்டும். மார்கழி, தை மாதக் காலைகளில் சூளகிரியைத் தாண்டினால் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே உங்களுக்கு முதலில் நல்ல பிரேக் வேண்டும், அடுத்துப் போதுமான இழுவை வேண்டும், மைலேஜ் அதற்கும் அடுத்ததுதான்.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களுக்கும், திடீரெனப் பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவையும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பல மாடல்களில் இவை உயர்ந்த வேரியன்ட்களில் மட்டுமே கிடைத்தன. எனவே 2015 ஸ்விஃப்ட்டில் ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். 2019 இறுதியில் தயாரான வேகன் ஆரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக் 2021 இறுதியில்தான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது என்பதால், வேகன் ஆரில் இரண்டாவது ஏர்பேக் உள்ள வேரியன்ட் கிடைத்தால் அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் வேகன் ஆர் 2019இல் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் பெற்றது. டாடா டியாகோ 2020 ஜனவரியில் நான்கு நட்சத்திரம் பெற்றது. டியாகோவின் 1.2 லிட்டர் இன்ஜின் ஏற்றத்திலும் தடுமாறாது. 2019 அல்லது அதற்குப் பிந்தைய டியாகோ பெட்ரோல் ஒன்று நல்ல நிலையில் உங்கள் தொகைக்குள் அகப்பட்டால், நான் அதையே முதலில் பார்க்கச் சொல்வேன். எண்ணூறு சி.சி. ஆல்டோ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், மூன்று பேரோடு தினமும் அந்த மேட்டை ஏறும் வேலைக்கு அது போதாது என்பதை நினைவில் வையுங்கள்.

பதில் 2: காவேரிப்பட்டணத்தார்

பட்டறை ஐயாவின் பாதுகாப்புக் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மாதம் 24 நாட்கள், நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் என்றால் 2,400 கிலோமீட்டர் ஆகிறது. இவ்வளவு ஓட்டம் உள்ளவர்களுக்கு டீசலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், டீசல் 94 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் காருக்கு 18, டீசல் காருக்கு 21 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால், பெட்ரோலுக்கு மாதம் 13,600 ரூபாயும் டீசலுக்கு 10,700 ரூபாயும் ஆகும். ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். ஸ்விஃப்ட்டில் இருக்கும் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. ஒழுங்காக ஆயில் மாற்றிப் பராமரித்தால் நெடுந்தூரம் உழைக்கும். நானும் அந்த இன்ஜின் உள்ள காரைத்தான் ஓட்டி வருகிறேன், குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பதில் 3: சூளகிரிப் பட்டறை

ஐயா, உங்கள் கணக்கு சரிதான். உங்கள் வண்டி நன்றாக இருப்பதற்கு அதை நீங்களே பராமரித்து வருவதும் காரணம். சேலத்து வண்டியை இதுவரை யார், எப்படி ஓட்டினார்கள் என்பது நமக்குத் தெரியாது. இவ்வளவு பழைய டீசலில் டர்போ, இன்ஜெக்டர், க்ளட்ச் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து செலவு வைத்தால், நீங்கள் சொல்லும் ஓராண்டு மிச்சம் அதிலேயே போய்விடும். சில வேளை அதற்கு மேலும் போகும். 2015இல் பதிவான வண்டிக்கு 2030இல் பதினைந்து ஆண்டு முடிகிறது. அதன்பின் எஃப்.சி. என்னும் தகுதிச் சோதனை பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். புதுப்பிப்புக் கட்டணமோ 2022 ஏப்ரலிலேயே 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. மாருதி 2020 ஏப்ரலில் டீசல் கார்களையே நிறுத்திவிட்டது என்பதையும் மறுவிற்பனை பற்றி யோசிக்கும்போது கணக்கில் சேர்க்க வேண்டும்.

முழுச் சர்வீஸ் வரலாறும் ஏ.பி.எஸ்.ஸும் இருந்து, ஒரே கையில் இருந்த டீசல் என்றால் நானும் வாங்கச் சொல்வேன். முதல் முறை வாங்குபவர், இரவு நேரத்தில் பெண்கள் மட்டும் பயணிக்கும் வண்டி என்னும்போது, நடுவழியில் நிற்காத வண்டிக்காக மாதம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு அல்ல என்பது என் உறுதியான கருத்து.

பதில் 4: ஓசூர் பாகலூர் சாலை

பெங்களூரு ஐ20 பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். எல்லையில் இருக்கும் எங்களுக்கு இந்த ஆசை அடிக்கடி வரும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் வண்டி மலிவு என்ற பேச்சு உண்மைதான். ஆனால் அந்த விலை, வண்டி உங்கள் பெயருக்கு வந்து சேரும் விலை அல்ல. கர்நாடக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். நிலுவை அபராதம் எல்லாவற்றையும் கட்டினால்தான் அது கிடைக்கும். பிறகு வண்டியைக் கிருஷ்ணகிரியில் காட்டி, அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்பத் தமிழ்நாட்டு ஆயுள் வரியைக் கட்டி, புதிய பதிவு எண் பெற வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம் என்றாலும், அது கையில் வரும் நாளை நம்பித் திட்டமிடக் கூடாது. வேறு மாநில எண்ணிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. தினமும் ஒரே சோதனைச் சாவடிப் பாதையில் செல்லும் நீங்கள் அந்தத் துணிச்சலில் இறங்க வேண்டாம்.

விலை அளவுக்கு மீறிக் குறைவாக இருந்தால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். 2022 செப்டம்பர் மழையில் பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளங்களில் ஏராளமான கார்கள் மூழ்கின. சென்னையிலும் 2015, 2023 டிசம்பர் மாதங்களில் அதே நிலை. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது தண்ணீரில் நின்ற வண்டி. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் துரு, மிதியடிக்குக் கீழே ஈர வாடை, இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு ஆகியவையும் அதே கதையைத்தான் சொல்லும்.

கேள்வி கேட்டவர்: கிருஷ்ணகிரி வாசகி

விரிவான பதில்களுக்கு மனமார்ந்த நன்றி. ஐ20யை விட்டுவிட்டேன். வேகன் ஆர் உரிமையாளரிடம் பேசினேன். இரண்டு ஏர்பேக் உள்ள வேரியன்ட்தான் என்கிறார், 3.80 லட்சம் வரை இறங்கி வருவதாகவும் சொன்னார். தருமபுரியில் ஒரு 2019 டியாகோ இருப்பதாகவும் அறிந்தேன், அவர்கள் 3.70 கேட்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்க்கப் போகிறேன். அங்கே நான் எவற்றைப் பார்க்க வேண்டும்? மொத்தப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடலாமா?

பதில் 5: சூளகிரிப் பட்டறை

மொத்தப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள் சகோதரி. பழைய வண்டி எதுவாயினும் வாங்கிய உடனே ஆயில், கூலன்ட், பிரேக் பேட், பேட்டரி, சில வேளை நான்கு டயர்கள் என்று செலவு வரிசையாக வரும். 35,000 முதல் 40,000 ரூபாயைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டுப் பேரம் பேசுங்கள். அதன்படி இரண்டு விலையும் உங்களுக்கு இன்னும் சற்று அதிகம்தான். டயரின் வயதைக் காட்டியே பாதி பேரத்தை முடிக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் டயர் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால், மீட்டரைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. க்ளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருப்பதும் ஸ்டீயரிங் மினுமினுப்பதும் மீட்டரில் உள்ள எண்ணை விட நம்பத் தகுந்த சாட்சிகள். உரிமையாளரை உடன் வைத்துக்கொண்டே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்பது அங்கே இருக்கும்.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்விடுங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். பானட்டைத் திறந்து இரண்டு பக்கத் தகடுகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்தால், விபத்துக்குப் பின் டிங்கரிங் செய்த வண்டி பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு ஆண்டுக் குறியோடு இருந்தாலும் காரணம் கேளுங்கள்.

ஊருக்குள் இரண்டு தெரு சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். நீங்கள் தினமும் போகும் பாதையிலேயே ஓட்டுங்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது அதிர்கிறதா, மேட்டில் நான்காவது கியரில் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது க்ளட்ச் தேய்ந்ததன் அடையாளம். விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கைத் தவிர்த்து, கூலி கொடுத்து உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இரண்டு வண்டியும் சமமாக இருந்தால் டியாகோ. டியாகோவில் சிறு சந்தேகம் இருந்தாலும் வேகன் ஆர். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது எங்கும் கிடைக்கிறது. இரண்டுமே 2023க்கு முந்தையவை, அந்தப் பெட்ரோலுக்கென வடிவமைக்கப்படாதவை என்பதால் எரிபொருள் குழாய்களின் ரப்பரை முதல் சர்வீஸிலேயே பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

பதில் 6: ஓசூர் பாகலூர் சாலை

காகித வேலை பற்றிச் சில வார்த்தைகள். முன்பணம் கொடுக்கும் முன் பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு, கடன் பாக்கி, அபராதம், காப்பீடு மூன்றையும் பாருங்கள். ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ம் வங்கியின் சான்றும் உங்கள் கைக்கு வராமல் முழுத் தொகையைக் கொடுக்க வேண்டாம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, பெயர் மாற்றத்துக்கு உடனே விண்ணப்பித்துவிடுங்கள். காப்பீட்டையும் பதினான்கு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி, உங்களுக்கு வராது என்பதால் அதற்குரிய வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும்.

சுங்கச் சாவடிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 15இல் வந்த ஆண்டு ஃபாஸ்டேக் பாஸ் 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்க அனுமதித்தது. தினமும் இரு முறை கடக்கும் உங்களுக்கு அந்த 200 முறை நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். சாவடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களின் சொந்தக் கார்களுக்குச் சில நூறு ரூபாயில் மாதாந்திர உள்ளூர் பாஸ் உண்டு. கிருஷ்ணகிரிச் சாவடிக்கு உங்கள் வீடு அந்த எல்லைக்குள் வந்தால் அதுவே லாபம். அதற்கு முகவரிச் சான்றும் உங்கள் பெயரில் ஆர்.சி.யும் தேவைப்படும். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்கை வண்டி ஒப்படைக்கும் அன்றே முடக்கச் சொல்லிவிட்டு, உங்கள் வங்கிக் கணக்கில் புதியது எடுத்துக்கொள்ளுங்கள்.